ரோசியோவோட புள்ளி வச்ச கவுன்

இந்தக் கதைய நான் தப்பாத்தான் சொல்லப் போறேன், இப்பவே சொல்லிட்டேன் ஆதினி. செருப்ப முன்னாடி சொல்லாம பின்னாடி சொல்லிட்டேன்னா, யார் பேராவது மாறிப்போச்சுன்னா, எழுந்து உக்காந்து "அப்படி இல்ல பெரியம்மா"ன்னு சண்டைக்கு வரக் கூடாது. நான் சமைக்கப் போன வீட்டு மாடியில ஒரு ஸ்பெயின்காரம்மா குடியிருந்தாங்க இல்ல, அவங்க கத்தரிக்கா நறுக்கிக்கிட்டே சொன்ன கதை. அவங்க தமிழ்ல பாதிதான் எனக்குப் புரிஞ்சுது. புரியாத இடத்துல நானே தச்சு ஒட்டுப் போட்டுக்கிட்டேன். போர்வைய இழுத்துக்க. கால உள்ள வை. காத்தாடி வேகமா இருக்கோ? சளி பிடிச்சா உங்கம்மா என்னைத்தான் கேப்பா. இரு, குறைச்சுட்டு வரேன்... ஆங். இப்ப ம் சொல்லு. நீ ம் சொன்னாதான் கதை நகரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ரொட்டிக்காரி இருந்தா. அவ பேரு ரோசியோ. அந்த ஊர்ல வீடெல்லாம் வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு அடிச்சிருக்கும், தெருவெல்லாம் கல்லு பாவியிருக்கும், ரெண்டு பக்கமும் ஆரஞ்சு மரம். வெயிலு மட்டும் நம்ம ஊரு வெயிலுதான். ரோசியோ புருஷன் பேரு குர்ரோ.

"குர்ரோவா? புறா மாதிரியா?"

ஆமா, புறா மாதிரிதான். சிரிக்காம படு, அப்புறம் தூக்கம் போயிடும். அந்த குர்ரோ பகல்ல செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பான், சாயங்காலம் கிடார் வாசிப்பான். ரோசியோவுக்கு ஒரு தங்கச்சி, இனேஸ்னு பேரு. வாய் காது வரைக்கும் இருக்கும் அவளுக்கு. இந்த மூணு பேருதான் கதைக்கு முக்கியம், ஞாபகம் வச்சுக்க.

அப்புறம், அந்த ஊர்ல வருஷா வருஷம் வசந்த காலத்துல ஒரு திருவிழா. மைதானம் பூரா கூடாரம், ராட்டினம், குதிரை வண்டி. நடுவுல பெரிய பலகை மேடை. அதுமேல ஃபிளமெங்கோ ஆடுவாங்க. அது நம்ம பரதநாட்டியம் மாதிரி வெறுங்கால்ல ஆடுறது இல்ல. குதி உசந்த ஷூ போட்டுக்கணும். ஷூவுக்கு அடியில முன்னாடியும் பின்னாடியும் பொடி ஆணியா அடிச்சிருக்கும். பலகையில மிதிச்சா டக், டக், டக்கட டக்கட டக். சலங்கை கிடையாது, அந்த ஷூதான் சலங்கை.

ஒவ்வொரு தெருவுல இருந்தும் ஒருத்தி ஆடணும். அதுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிடார் ஆரம்பிச்சு, சுத்தி நிக்குறவங்க கை தட்டி, பாடுறவன் முதல் பாட்டை முடிக்கிறதுக்குள்ள அந்தத் தெருக்காரி ஆட ஆரம்பிச்சுடணும். ஆரம்பிக்கலன்னா முறை அடுத்த தெருவுக்குப் போயிடும். அப்புறம் அடுத்த வருஷந்தான். அழுதாலும் சரி, அப்பன் ஊர்த் தலைவரா இருந்தாலும் சரி.

ரொட்டித் தெருவுக்கு எப்பவும் ரோசியோதான் ஆடுவா. ஆனா போன வருஷம் என்னாச்சு தெரியுமா? ஆடிக்கிட்டே இருந்தவ, சர்ர்ர்... தொம்! கணுக்கால் எலும்பு விட்டுப்போச்சு. மாசக்கணக்கா படுக்கை. கட்டுப் போட்டவர் கட்டை அவுக்கும்போது சொன்னாரு, "ஆடாதன்னு சொன்னா நீ கேக்க மாட்டே. ஆடு. ஆனா இன்னொரு தடவ இந்தக் கால் சறுக்கிச்சுன்னா, அப்புறம் ஆயுசுக்கும் கம்பு ஊனித்தான் நடப்பே."

பாவம், அவளுக்கு அதுல இருந்து ராத்திரி பகல் அதே நெனப்பு. எனக்குத் தெரியும் அந்த மாதிரி நெனப்பு எப்படி இருக்கும்னு. மாவு பிசையும்போது கால், ரொட்டி வெந்துக்கிட்டு இருக்கும்போது கால். ஆடாமலும் இருக்க முடியல அவளால. எதிர் வரிசைப் பானைத் தெருவுல கொன்சுவேலான்னு ஒருத்தி. ரோசியோவப் பார்க்கிறப்பல்லாம், "என்ன ரோசியோ, இந்த வருஷமும் மேடையில ரொட்டி உருட்டப் போறியா?"ன்னு கேப்பா.

"ரோசியோ என்ன சொன்னா?"

நேரா வீட்டுக்கு வந்து தங்கச்சிகிட்ட சொன்னா, "இனேஸ், இந்த வருஷம் தலை முதல் கால் வரைக்கும் எல்லாம் புதுசா, நல்லதா எடுக்கப் போறேன். ஒண்ணு கூட சோடை போகக் கூடாது. ஆடணும், விழக் கூடாது."

"எடு எடு. போன வருஷம் உன்னைத் தூக்கிட்டு வந்த முதுகு எனக்கு இன்னும் வலிக்குது"ன்னா இனேஸ்.

அப்புறம் அக்காவும் தங்கச்சியும் துணிக்கடைக்குப் போனாங்க. கடை பூரா கவுனு. சிவப்பு, மஞ்சள், கடல் நீலம், கறுப்புல வெள்ளைப் புள்ளி, வெள்ளையில சிவப்புப் புள்ளி. ஒவ்வொண்ணுக்கும் கீழ அடுக்கடுக்கா ஃபிரில், நம்ம கேழ்வரகுத் தோசை ஓரம் மாதிரி மொறு மொறுன்னு நிக்கும். ரோசியோ கண்ணு நேரா ஒரு கவுன் மேல போய் நின்னுச்சு. ரத்தச் சிவப்பு. பின்னாடி வால் வச்சது.

"வாலா?"

ஆமா கண்ணு, வால்தான். கவுன் பின்பக்கம் தரையில நீளமா இழுத்துக்கிட்டு வரும், மயில் தோகை மாதிரி. ஆடுறவ அதைக் குதிகாலால தட்டி விசிறி விசிறித் திருப்பணும். பெரிய ஆட்டக்காரிங்க போடுறது. ரோசியோ போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னா. அய்யோ, என்ன அழகு! அவளுக்கே அவளப் பார்த்துக் கண்ணு கலங்கிடுச்சு.

"நிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு"ன்னா இனேஸ். "நடந்து பாரு."

"கடைக்குள்ள எங்க நடக்குறது?"ன்னு சொல்லிட்டு வாங்கிட்டா. மறுநா காலையில அதைப் போட்டுக்கிட்டு தெருவுல ஒரு நடை நடந்து பார்த்தா. வால் பின்னாடி சலசல சலசலன்னு வருது. அவளுக்கோ பெருமை. பக்கத்து வீட்டுக் கோழி ஒண்ணு பார்த்துச்சு. இதென்னடா சிவப்பா மெத்தை போகுதேன்னு ஏறி உக்காந்துக்கிச்சு. பின்னாடியே குஞ்சுங்களும், கீச் கீச் கீச்சுன்னு ஓடி வந்து ஏறிக்கிச்சு. ரோசியோவுக்கு எப்படித் தெரியும்? நடக்குறா. தெருவே சிரிக்குது. எல்லாரும் தன்னோட அழகப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்கன்னு இவளும் சிரிக்கிறா.

அப்போ தெரு முனையில விசுக்குன்னு திரும்பினா பாரு. கொக் கொக் கொக்குன்னு கோழி ஒரு பக்கம், குஞ்சு ஒரு பக்கம், வால் சுத்திக் கால்ல மாட்டிக்கிச்சு. விழப் போனா. ஓடி வந்த இனேஸ் இடுப்பப் பிடிச்சு நிறுத்தினா.

"அக்கா, கோழிக்குச் சவாரி விடுறதுன்னா காசு வாங்கு"ன்னா.

ரோசியோ நேரா கடைக்குப் போய் அந்தக் கவுனத் திருப்பிக் கொடுத்துட்டா. அப்புறம் வெள்ளையில சிவப்புப் புள்ளி வச்ச ஒண்ண எடுத்தா. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்னுடும், தரையத் தொடாது. இந்தத் தடவை கண்ணாடிய நம்பல. கைய ரெண்டையும் மேல தூக்கிப் பார்த்தா, அக்குள் பிடிக்கல. நாற்காலியில உக்காந்து பார்த்தா, தையல் விடல. குனிஞ்சு ஷூ கட்டுற மாதிரி பார்த்தா, மூச்சு முட்டல. சுத்திப் பார்த்தா, ஃபிரில் குடை மாதிரி விரிஞ்சு அடங்கிச்சு. புள்ளி ஒவ்வொண்ணும் செர்ரிப் பழம் மாதிரி. அந்தக் கவுன் மேல அவளுக்கு அப்படி ஒரு பிரியம் வந்துடுச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து மாவுத் தூசி படக்கூடாதுன்னு வெள்ளைத் துணியில சுத்தி வச்சா. குர்ரோ தொடப் போனா கைய அடிச்சா. "சுண்ணாம்புக் கை! தள்ளிப் போங்க!"

தூங்கிட்டியா?

"ம்ஹூம். ஷூ வாங்கலையே."

வாங்காம? ஷூக்கடைக்காரர் பேரு தோமாஸ். அவர் கடை நடுவுல ஒரு பலகை கிடக்கும். வர்ற பொம்பளைங்க ஷூவப் போட்டுக்கிட்டு அதுமேல ஏறி மிதிச்சுப் பார்த்துத்தான் வாங்குவாங்க. அந்த ஊர் பொம்பளைங்க ஷூவக் கண்ணால பாக்க மாட்டாங்க, காதாலதான் பாப்பாங்க. ரோசியோவும் கண்ண மூடிக்கிட்டா. முதல் ஜோடி, பொத் பொத். "வேணாம்." அடுத்த ஜோடி, டொக் டொக். "பரவால்ல, வச்சிருங்க." அதுக்கு அடுத்த ஜோடி, டணார் டணார்! கடைக்கு வெளிய தூங்கின நாய் எழுந்து ஓடுது.

"இதுதான்!"ன்னா ரோசியோ. "கொன்சுவேலா வீடு வரைக்கும் கேக்கும்."

"புது ஆணிம்மா"ன்னாரு தோமாஸ். "சத்தம் இருக்கும், பிடிப்பு இருக்காது. கொஞ்ச நாளு பலகையில ஆடி ஆணி மழுங்கணும்."

கேட்டாளா? இல்ல. வாங்கி, அங்கேயே போட்டுக்கிட்டு, கல்லுத் தெருவுல டணார் டணார்னு நடந்தா. ஆதினி, பலகையில ஆடுற ஷூவப் போட்டுக்கிட்டு கல்லுல நடந்தா என்னாகும் சொல்லு?

"வழுக்கும்."

உனக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியல பாரு. சர்ர்ர்ர்ர்! ஒரு சறுக்கு. கைய வீசி ஆரஞ்சு மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. மரம் ஆடின ஆட்டத்துல பொத பொதன்னு ஆரஞ்சு அவ தலையில விழுது. இனேஸ் வந்து பார்த்தா. அக்கா மரத்தக் கட்டிக்கிட்டு நிக்குறா, கைய விடவும் பயம், நடக்கவும் பயம்.

"ஏன்க்கா, மாமா இருக்கும்போது மரத்தப் போய்க் கட்டிப் பிடிக்கிறே?"

"சும்மா இருடி. என் செருப்ப எடுத்துட்டு வா."

கயிறு அடிவச்ச துணிச்செருப்பப் போட்டுக்கிட்டு, ஆணி ஷூவக் கையில தூக்கிக்கிட்டு, ரெண்டு பேரும் கடைக்குத் திரும்பிப் போனாங்க. டொக் டொக்குன்னு சத்தம் போட்ட ஜோடி அங்கேயே இருந்துச்சு. அடிபட்ட கால் கொஞ்சம் மெலிஞ்சு இருந்ததால ஷூ வார வச்சு இறுக்கிப் பார்த்தா. விரல் நுனி ஷூத் தோலைத் தொடணும், ஆனா மடங்கக் கூடாது. குதி அசையக் கூடாது. பலகையில ஓரமா மிதிச்சுப் பார்த்தா, திருகிப் பார்த்தா, நின்னுச்சு. சத்தம் கொஞ்சம் கம்மிதான். அவளுக்கு மனசு ஆறல. "கொன்சுவேலாவுக்குக் கேக்காதே"ன்னா.

"அவளுக்குக் கேக்கணும்னா அவ வீட்டுக் கூரை மேல ஏறி ஆடு"ன்னா இனேஸ். அப்புறம் அதையே வாங்கினாங்க.

தண்ணி குடிக்கிறியா? வேணாமா? சரி. குடிச்சா நடுவுல எழுந்திருக்கணும்.

அப்புறம் சால்வை. அங்க பெரிய பட்டுச் சால்வை போர்த்துக்குவாங்க, சுத்தி நீள நீளமா குஞ்சம் தொங்கும். ரோசியோ முழங்காலத் தொடுற குஞ்சம் வச்சத எடுத்தா. காதுக்குப் பெரிய பெரிய வளையம். கொண்டைக்கு ஒரு முழ உசரத்துக்குச் சீப்பு, கோபுரக் கலசம் மாதிரி. எல்லாத்தையும் போட்டுக்கிட்டு குர்ரோ முன்னாடி வந்து நின்னா. குர்ரோ கிடாரோட எழுந்து நின்னுட்டான்.

"ஏங்க, எப்படி இருக்கேன்?"

"நீ யாருன்னே தெரியல. உள்ள என் பொண்டாட்டி ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தா, பார்த்தியா?"

"போங்க. வாசிங்க."

அவன் வாசிச்சான், இவ சுத்தினா. ஒரு சுத்து, குஞ்சம் விர்ர்னு பறந்துச்சு. ரெண்டாவது சுத்து, குஞ்சம் காது வளையத்துல மாட்டிக்கிச்சு. மூணாவது சுத்து, அதே குஞ்சம் குர்ரோ சட்டைப் பொத்தான்லயும் மாட்டிக்கிச்சு. இப்ப என்ன ஆச்சு? அவ சுத்தினா அவனும் சுத்துறான். "நிறுத்து நிறுத்து"ங்குறான். "நீங்க நிறுத்துங்க"ங்குறா. தலையில இருந்து சீப்பு சாஞ்சு அவன் மூக்கக் குத்துது. கடைசில கிடார் டொய்ய்ய்ங்! ரெண்டு பேரும் மாவு மூட்டை மேல தொபுக்கடீர்.

"கால்? கால்?"

அதேதாம்மா நானும் கேட்டேன் அந்த ஸ்பெயின்காரம்மாகிட்ட. அவங்க கத்தி கைய வெட்டப் போச்சு. ஒண்ணும் ஆகல, மூட்டை மேல இல்ல விழுந்தாங்க. மெத்துன்னு. ரோசியோ அப்படியே கிடந்து முதல்ல கால அசைச்சுப் பார்த்தா. அப்புறந்தான் மூச்சு விட்டா. இனேஸ் கதவுல நின்னு பார்த்துட்டு, "சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியலையா உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

அப்புறம் ரோசியோ உக்காந்து யோசிச்சா. அந்தப் பெரிய சீப்பு கோயிலுக்கு வச்சுக்கிட்டுப் போறது, நின்னு சாமி கும்பிடுறவங்களுக்கு. ஆடுறவளுக்குச் சின்னச் சீப்பு போதும். கொண்டையில ஒரு பூ, அதுவும் ஊசி குத்தி இறுக்கி. காதுக்கு ஒட்டினாப்ல தோடு. குட்டிக் குஞ்சம் வச்ச சால்வை, முன்னாடி மடிச்சு ஊக்கு குத்திட்டா நகராது. எல்லாத்தையும் ஆட்டி, இழுத்து, உலுக்கிப் பார்த்தா. ஒண்ணும் விழல. அன்னைக்குத்தான் அவ நல்லாத் தூங்கினா. நீயும் தூங்குற மாதிரி இருக்கே? ஆதினி?

"ம்... சொல்லு."

அப்புறம் திருவிழா வந்துச்சு. டும் டும்னு மேளம், கிணிங் கிணிங்னு குதிரை மணி, ஒரு பக்கம் ராட்டினம் கிறீச் கிறீச்சுங்குது. ஊரே புதுத் துணி. எல்லாப் பொம்பளைங்களும் பூ, தோடு, விசிறி. மேடையச் சுத்தி கூட்டம். எண்ணெய்ல பொரிச்ச அப்பம் விக்குறவங்க ஒரு பக்கம், நம்ம அதிரசம் மாதிரி, ஜனங்க தட்டுத் தட்டா வாங்கிட்டு வந்து தின்னுக்கிட்டே பார்க்குறாங்க.

முதல்ல பானைத் தெரு. கொன்சுவேலா ஆடினா. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் ஆடினா. முடிச்சதும் அவங்க தெரு ஆம்பளைங்க குஷியில மேடை மேல ஏறிக் குதிச்சாங்க. அதுல ஒருத்தன் கையில அப்பத் தட்டு. தட்டு டமார்! அப்பம் பலகை பூரா உருண்டுச்சு. அவன் சிரிச்சுக்கிட்டே பொறுக்கித் தின்னுட்டு இறங்கிட்டான்.

அப்போ கூப்பிட்டாங்க. "ரொட்டித் தெரு!"

ரோசியோ கயிறுச் செருப்பக் கழட்டி இனேஸ்கிட்ட கொடுத்தா, ஆணி ஷூவ மாட்டினா, வார இறுக்கினா, மேடை ஏறினா. குர்ரோ நாற்காலியில உக்காந்து கிடாரத் தட்டினான். எல்லாரும் கை தட்ட ஆரம்பிச்சாங்க, தப்பு தப்பு தப்புன்னு. பாடுறவரு தொண்டையக் கனைச்சாரு. அவ ஒரு அடி வச்சா.

சர்ர்.

எண்ணெய்.

மேடைக்கு நடு மத்தியில, அப்பம் விழுந்த இடத்துல, பளபளன்னு எண்ணெய். எல்லாம் சரியாத்தானே எடுத்தா? கவுன் சரி, ஷூ சரி, சால்வை சரி. காலுக்குக் கீழ இருக்கிறத யாரு எடுத்துக் கொடுக்க முடியும்? போன வருஷம் விழுந்த சத்தம் அவ காதுல கேட்டுச்சு. கம்பு ஊனி நடக்குற மாதிரி கண்ணு முன்னாடி வந்துச்சு. பாடுறவரு ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பாட்டு முடியுறதுக்குள்ள ஆடணும்.

"இனேஸ்! ஒரு துணி கொடு!"

"துணிக்கு எங்கக்கா போவேன்? என் கையில விசிறிதான் இருக்கு!"

முன்வரிசையில நின்ன ஒரு பெரியம்மாகிட்ட கைய நீட்டினா. "கைக்குட்டையக் கொடுங்க." அந்தம்மா அத மார்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. "அய்யய்யோ, இது பட்டு. இன்னைக்குத்தான் எடுத்தேன்." பக்கத்துல ஒருத்தர் தோள்ல துண்டு மாதிரி ஒண்ணு போட்டிருந்தாரு. அவரக் கேட்டா. "என் மருமக போட்டுவிட்டதும்மா, கறை பட்டா வீட்டுக்குள்ள விட மாட்டா"ன்னுட்டாரு. ஊரே நல்லதா எடுத்து உடுத்தியிருக்கு, யாரு கொடுப்பா? குர்ரோவப் பார்த்தா. அவன் கண்ணாலயே கெஞ்சுறான், கை கிடார்ல இருக்கு, நிறுத்தினா முறை போயிடும்.

பாட்டு பாதி தாண்டிடுச்சு. கொன்சுவேலா கீழ நின்னு, "என்ன ரோசியோ, இறங்கிடுறியா?"ன்னா.

இறங்கலாம். கால் பத்திரமா இருக்கும். இல்ல, தலையெழுத்துன்னு அந்த எண்ணெய் மேலயே ஆடலாம். ரெண்டு நிமிஷம் நின்னான்னு நெனைக்கிறியா? நிக்கல. சட்டுனு மண்டி போட்டு உக்காந்தா. அந்த வெள்ளைக் கவுன், செர்ரிப் பழம் மாதிரி புள்ளி, புருஷனக் கூட தொட விடாம வச்சிருந்தாளே, அதோட கீழ் ஃபிரில ரெண்டு கையாலும் அள்ளினா. பரக் பரக் பரக்குன்னு பலகையத் துடைச்சா.

கூட்டம் கொல்லுனு சிரிச்சுச்சு. "பாருங்கடி, திருவிழாவுக்கு வந்து வீடு துடைக்குறா!"ன்னா கொன்சுவேலா.

"ஆமாடி, உன் வீட்டையும் துடைச்சு விடவா? நெறைய எண்ணெய் சிந்துறவங்க வீடு போல இருக்கு!"ன்னா ரோசியோ, தலைய நிமிர்த்தாமலே.

இப்ப சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. இவ நிறுத்தல. ஃபிரில் ஒரு அடுக்கு கறுத்துப் போச்சு, அடுத்த அடுக்க எடுத்தா. இண்டு இடுக்குல விரலால துணியத் திணிச்சுத் துடைச்சா. உள்ளங்கைய வச்சு அழுத்தித் தேய்ச்சுப் பார்த்தா, வழுக்குதான்னு. கன்னத்தக் கூட வச்சுப் பார்த்திருப்பா, நேரம் இருந்தா. அப்புறம் எழுந்தா. அடிபட்ட கால முன்னாடி வச்சு ஒரு மிதி மிதிச்சா.

டொக்.

நின்னுச்சு.

பாடுறவரு கடைசி வார்த்தைய இழுத்துக்கிட்டே இருந்தாரு. பாவம், அவரும் மனுஷன்தானே, மூச்சு போற வரைக்கும் இழுத்தாரு. அது அடங்கறதுக்குள்ள ரோசியோ கை ரெண்டும் மேல போச்சு. டொக் டொக், டொக்கட டொக்கட டொக்!

"விழுந்தாளா?"

விழல கண்ணு. சுத்தினப்ப அந்த ஃபிரில் குடை மாதிரி விரிஞ்சுச்சு. பாதி வெள்ளை, பாதி எண்ணெய்க் கறை, அப்பத்தோட தூள் கூட ஒட்டியிருந்துச்சு. ஊரே பார்த்துச்சு. அவ பலகைய மட்டும் பார்த்தா. ஆடி முடிச்சு, ரெண்டு கால்லயும் தானே படியிறங்கி வந்து, கயிறுச் செருப்ப மாட்டிக்கிட்டு, அந்தக் கறைக் கவுனோடயே குர்ரோவும் அவளும் கைகோத்துக்கிட்டு அப்பம் வாங்கித் தின்னப் போனாங்க.

அவ்வளவுதான். கதை ஆடி முடிச்சு ஷூவக் கழட்டிடுச்சு. நீயும் கண்ண மூடு.